படிப்பகத்துக்குப் புத்தகம் வாங்க, வாசகர் கருத்தை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியை ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஊரில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு படிப்பகம் திறக்கிறீர்கள். வசூலான பணம் நாற்பதாயிரம் ரூபாய். பெரியவர்கள் பக்தி நூல் கேட்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் வரலாறு, ஆராய்ச்சி என்று கேட்கிறார்கள், தாய்மார்கள் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் கேட்கிறார்கள். உங்கள் குழுவில் யாரும் அவ்வளவாகப் படித்துப் பழகியவர்கள் இல்லை. அதனால் இணையக் கடைகளில் நான்கரை நட்சத்திரத்துக்கு மேல் இருப்பதை மட்டும் வாங்கினால் போதுமா, அங்கே வரும் போலிக் கருத்துகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரார் பணத்தில், நமக்குப் பழக்கமில்லாத மூன்று துறைகளில், யார் பேச்சைக் கேட்டு வாங்குவது என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் பொது நூலகத் துறையில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். இரவல் எடுத்துப் போனவர்கள் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லும் ஒன்றிரண்டு வாக்கியங்களைக் கேட்டே என் வேலைக்காலம் போனது. பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். 'இது தவறு', 'ஆதாரம் எங்கே?', 'அருமை, அருமை' என்று எழுதிய ஓரங்களை எத்தனையோ அழித்திருக்கிறேன். அழிக்கும் முன் படித்தும் இருக்கிறேன். இணையத்தில் வரும் கருத்துகளை இப்போது படிக்கும்போது அதே ஆட்கள், அதே குரல் என்றுதான் தோன்றுகிறது. ஒரே வித்தியாசம், மேஜையில் ஆள் எதிரே நின்றதால் அவர் யார், எதற்காகப் படித்தார் என்று எனக்குத் தெரியும். இணையத்தில் அது தெரியாது. அதைக் கருத்துக்குள்ளிருந்தே நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது. நட்சத்திரச் சராசரியை வைத்து வாங்காதீர்கள். இணையத்தில் மதிப்பெண் போடுகிறவர்களில் பெரும்பாலோர் மிகவும் பிடித்தவர்கள், அல்லது மிகவும் கோபப்பட்டவர்கள். 'பரவாயில்லை' என்று நினைத்தவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார். இது ஆய்வாளர்கள் பலமுறை கண்ட விஷயம். ஐந்து நட்சத்திரம் மலைபோல் இருக்கும், ஒற்றை நட்சத்திரம் சிறு குன்றாக இருக்கும், நடுவில் பள்ளமாக இருக்கும். அப்படியிருக்கும்போது நான்கரையை ஒட்டிய எண் பல புத்தகங்களுக்கு வந்துவிடும். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் செவாலியர், தினா மேஸ்லின் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. இரண்டு அமெரிக்க இணையப் புத்தகக் கடைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், கருத்துகளில் பெரும்பாலானவை பாராட்டுதான். ஆனால் ஓர் ஐந்து நட்சத்திரம் விற்பனையைக் கூட்டுவதைவிட, ஓர் ஒற்றை நட்சத்திரம் அதிகமாக விற்பனையைக் குறைத்தது. அதாவது வாங்குகிறவர்களும் பாராட்டை அரைகுறையாகத்தான் நம்புகிறார்கள்.

தமிழ்ப் புத்தகங்களுக்கு இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான தமிழ் நூல்களுக்கு வந்திருக்கும் கருத்துகளே ஐந்தோ ஆறோதான். ஆசிரியரின் நண்பர்கள் நான்கு பேர் எழுதினால் போதும், சராசரி ஐந்தாகிவிடும். கோபக்காரர் ஒருவர் வந்து ஒற்றை நட்சத்திரம் போட்டால் நான்கரைக்குக் கீழே இறங்கிவிடும். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் சராசரி என்பதற்குப் பொருளே இல்லை.

அப்புறம், எந்தப் பதிப்பைப் பற்றிய கருத்து என்று பாருங்கள். இதைத்தான் புதிதாக வாங்குகிறவர்கள் கவனிப்பதே இல்லை. கல்கியின் எழுத்துகள் அரசுடைமை ஆக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆகவே 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் சேர்ந்து பல பதிப்பகங்களிடமிருந்து பல விலையில் வருகிறது. ஒன்றில் எழுத்து பொடி, ஒன்றில் பைண்டிங் இரண்டாம் வாசிப்பிலேயே கழன்றுவிடும், ஒன்றில் பழைய சித்திரங்கள் இருக்கும். இணையக் கடைகளில் ஒரு நூலின் வெவ்வேறு பதிப்புகளுக்கு வந்த கருத்துகள் பல நேரம் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். 'கதை அற்புதம், ஐந்து நட்சத்திரம்' என்பது கல்கிக்குப் போட்டது. 'முப்பது பக்கம் தலைகீழாக ஒட்டியிருக்கிறது, ஒரு நட்சத்திரம்' என்பது ஏதோ ஒரு அச்சகத்துக்குப் போட்டது. இரண்டையும் கூட்டி வகுத்து வரும் மூன்று எதைப் பற்றியும் எதுவும் சொல்லாது. படிப்பகத்துக்கு வாங்கும்போது இரண்டாவது வகைக் கருத்துதான் உங்களுக்கு உதவும். கல்கி நன்றாக எழுதுவார் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பதிப்பு பத்துப் பேர் கைமாறினாலும் தாங்கும் என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, மதநூல்களுக்கு வருவோம். இங்கே ஒரு வரம்பைச் சொல்லிவிடுகிறேன். எந்த உரை சரி, எந்த விளக்கம் மரபுக்குப் பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதற்கு அந்தந்த மரபில் பயின்றவர்கள் இருக்கிறார்கள். வாசகர்கள் அந்த நூல்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை நேரில் பார்த்தவள் என்ற அளவில் மட்டும் பேசுகிறேன்.

பக்தி நூலுக்குப் போடப்படும் ஐந்து நட்சத்திரம் பெரும்பாலும் தெய்வத்துக்குப் போடப்படுவது. திருவாசகத்துக்கு நான்கு நட்சத்திரம் போட யாருக்குக் கை வரும்? ஆகையால் அந்த எண்ணிலிருந்து கையில் வரப்போகும் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பாராட்டுக்கு நடுவில் சிலர் ஒரு வரி எழுதியிருப்பார்கள்: 'எழுத்து பெரிதாக இருப்பதால் என் அம்மா கண்ணாடி இல்லாமல் படிக்கிறார்.' அந்த வரியைத் தேடுங்கள். நம் ஊரில் ஒரு காலத்தில் 'பெரிய எழுத்து' என்று அட்டையிலேயே போட்டு விற்ற புத்தகங்கள் சந்தைதோறும் போனதற்கு அதுதான் காரணம். மாலை நேரத்தில் படிப்பகத்துக்கு வரும் எழுபது வயதுக்காரருக்கு உரை ஆழமாக இருப்பதைவிட எழுத்து தெரிவதுதான் முதல் தேவை. அதேபோல் 'கந்த சஷ்டி கவசத்தில் இரண்டு வரி விட்டுப்போயிருக்கிறது', 'தேவாரத்தில் ற, ர மாறி அச்சாகியிருக்கிறது' என்று ஒருவர் இடம் சுட்டி எழுதியிருந்தால், அவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தாலும் அவரை நம்புங்கள். பாராயணம் செய்கிறவருக்கு ஒரு எழுத்துப் பிழைகூட உறுத்தும். அவர்தான் அந்தப் புத்தகத்தை வரி வரியாகப் படித்தவர்.

மதநூல்களில் வரும் ஒற்றை நட்சத்திரங்களில் கணிசமானவை நூலின் குறையால் வருவதில்லை, ஆள் மாறிப்போனதால் வருகின்றன. பைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்த சபைகள் பயன்படுத்தும் பரிசுத்த வேதாகமத்தில் 66 நூல்கள். கத்தோலிக்கர் பயன்படுத்தும் பைபிளில் 73. 1995-இல் வந்த திருவிவிலியம் இரு தரப்பாருக்கும் பொதுவாக இக்காலத் தமிழில் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு. ஒரு சபையைச் சேர்ந்தவர் விவரம் தெரியாமல் மற்றதை வாங்கிவிட்டு, 'இதில் இல்லாத புத்தகமெல்லாம் சேர்த்திருக்கிறார்கள்' என்றோ 'நான் மனப்பாடம் செய்த வசனம் இப்படி இல்லையே' என்றோ எழுதுவார். அவர் வருத்தம் நியாயமானது, ஆனால் புத்தகத்தில் பிழை இல்லை. குர்ஆன் தமிழாக்கங்களிலும் இதே கதைதான். பல மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பும் விளக்கமும் வேறு. அவற்றைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டையைப் படித்து நீங்கள் முடிவெடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் இமாமிடமும், சர்ச்சில் போதகரிடமும் போய் 'உங்கள் மக்கள் எந்தப் பதிப்பு வைத்திருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஊரில் எல்லாரும் படிப்பகத்தைத் தங்களுடையதாக நினைக்கவும் அது வழி.

வைணவ நூல்களில் இன்னொரு விதமான ஏமாற்றம் வரும். திருவாய்மொழிக்கு 'ஈடு' என்னும் உரையை ஆசையாக வாங்குவார்கள். திறந்தால் தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாள நடை. 'ஒன்றும் புரியவில்லை' என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கருத்து ஈட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு அது பயனுள்ள எச்சரிக்கை: பயிற்சி இல்லாத வாசகருக்கு இது முதல் புத்தகம் இல்லை. புருஷோத்தம நாயுடு செய்த 'ஈட்டின் தமிழாக்கம்' என்று ஒன்று இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதைத் தேடலாம். பெரியபுராணத்துக்கு சி.கே.சுப்பிரமணிய முதலியாரின் உரை ஏழு பகுதி. அறிந்தவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் உரை. ஆனாலும் தொடக்கத்தில் வாங்க வேண்டாம் என்பேன். அறுபத்துமூவர் கதையை உரைநடையில் சொல்லும் ஒரே ஒரு நல்ல புத்தகம் வைத்தால், அதைப் படித்துவிட்டு யாராவது மூலம் கேட்டு வருவார்கள். வந்தபிறகு வாங்கலாம். திருக்குறளுக்கும் அப்படியே. பழைய உரைகளில் இன்று கிடைப்பவை மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதி, காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐந்து. அவற்றுக்கு ஆராய்ச்சி வாசகர்கள் போடும் நட்சத்திரமும் மு.வ. தெளிவுரைக்குப் பள்ளி மாணவர்கள் போடும் நட்சத்திரமும் வேறு வேறு தேவையிலிருந்து பிறந்தவை. படிப்பகத்துக்கு மு.வ. உரை இரண்டு பிரதி, பரிமேலழகர் ஒரு பிரதி என்று நான் வைப்பேன். இது என் கணக்கு, வேறு மாதிரியும் வைக்கலாம்.

ஆராய்ச்சி நூல்கள் விஷயத்தில் வாசகர் கருத்தை அதிக ஜாக்கிரதையோடு படிக்க வேண்டும். எதிர்பார்ப்பும் கட்சியும் அங்கேதான் அதிகமாகக் கலக்கின்றன. ஓர் உதாரணம். பொன்னியின் செல்வன் படமாக 2022-இலும் 2023-இலும் வந்தபோது சோழர் வரலாறு கேட்டு எல்லா இடத்திலும் ஆட்கள் வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் பழைய பழக்கத்தில் எங்கள் கிளை நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் அதைப் பார்த்தேன். நீலகண்ட சாஸ்திரி ஆங்கிலத்தில் எழுதி 1935-இலும் 1937-இலும் இரண்டு தொகுதிகளாக வந்த சோழர் வரலாற்றை, கே.வி.ராமன் தமிழாக்கத்தில் எடுத்துப் போனார் ஓர் இளைஞர். இரண்டே நாளில் கொண்டு வந்து வைத்துவிட்டு, 'நந்தினியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே மேடம்' என்றார். எப்படி இருக்கும்? நந்தினி கல்கியின் கற்பனை. அந்த நாவலில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலைக்குக் கல்வெட்டுச் சான்று என்று கிடைப்பதில் முக்கியமானது உடையார்குடிக் கல்வெட்டு. ராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயரைச் சொல்லி, அவர்கள் சொத்தும் உறவினர் சொத்தும் பறிமுதலானதைச் சொல்கிறது. வரலாற்று நூலில் அந்தக் கொலைக்கு அவ்வளவுதான் இடம். ஊராட்சி, நிலவரி, நீர்ப்பாசனம், கோயில் நிருவாகம் என்று மீதிப் பக்கங்கள் போகும்.

அந்த இளைஞர் இணையத்தில் எழுதியிருந்தால் இரண்டு நட்சத்திரம், 'போரடிக்கிறது' என்று எழுதியிருப்பார். அதைப் பார்த்துவிட்டு ஊரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் அந்த நூலை வாங்காமல் விட்டிருப்பார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. குறைந்த நட்சத்திரங்களில் பெரும்பகுதி இந்த விதி தவறிய இடத்தில் விழுந்தவை என்பது என் துணிபு.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. பலாஸ் கோவாச், அமண்டா ஷார்க்கி என்ற இருவர் பரிசு பெற்ற ஆங்கில நூல்களையும் இறுதிப் பட்டியல் வரை வந்து பரிசு கிடைக்காத நூல்களையும் எடுத்து, குட்ரீட்ஸ் தளத்தில் வாசகர்கள் போட்ட மதிப்பெண்களை ஒப்பிட்டு 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரிசு அறிவித்த பிறகு, பரிசு பெற்ற நூல்களின் மதிப்பெண் இறங்கியது. நூலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பரிசைக் கேள்விப்பட்டு, தங்கள் ரசனைக்கு வெளியே இருந்தவர்களும் வாங்கிப் படித்ததுதான் முக்கியக் காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். சாகித்திய அகாதெமி பரிசு அறிவித்த வாரத்தில் எங்கள் கிளையில் அந்த நூலைக் கேட்டு வருகிறவர்களையும், ஒரு மாதம் கழித்து அவர்கள் சொல்வதையும் கேட்ட எனக்கு இது முழுக்க நம்பக்கூடியதாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் யாரும் இப்படி எண்ணிப் பார்த்து வெளியிட்டு நான் படித்ததில்லை, ஆகவே இங்கும் அப்படியே என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கட்சி கலப்பது இன்னொன்று. தொல்லியல், மொழியின் தொன்மை, சாதி வரலாறு, கோயில் வரலாறு என்று தலைப்பு இருந்தாலே, புத்தகத்தைத் திறக்காதவர்களும் வந்து நட்சத்திரம் போடுவார்கள். ஒருபக்கம் ஐந்தாகவும் மறுபக்கம் ஒன்றாகவும் குவியும். இப்படிப்பட்ட இடத்தில் எனக்கு ஒரு சோதனை உண்டு. கருத்து எழுதியவர் நூலுக்குள்ளிருந்து ஏதாவது ஒன்றைச் சொல்கிறாரா? 'மூன்றாம் இயலில் கல்வெட்டு எண் தவறாக இருக்கிறது', 'சான்றுகள் நிறைய, ஆனால் பொருளடைவு இல்லாததால் தேட முடியவில்லை', 'பழைய பதிப்பின் மறு அச்சு, புதிய கண்டுபிடிப்புகள் சேர்க்கப்படவில்லை' என்றால் அவர் படித்திருக்கிறார். 'ஒவ்வொரு தமிழனும் படிக்க வேண்டிய நூல்' என்று மட்டும் இருந்தால் அதை ஒதுக்கிவிடலாம். அவர் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை வைத்து வாங்க முடியாது.

ஆராய்ச்சி அலமாரிக்குக் கருத்தே பார்க்காமல் வாங்கக்கூடிய சில இருக்கின்றன. முதலில் ஒரு நல்ல அகராதி. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் வந்து, 2008-இலும் 2020-இலும் விரிவாக்கப்பட்டது. அதில் விலையைப் பற்றிய முணுமுணுப்பை நிறையக் கேட்டிருக்கிறேன், பயன்படுத்திவிட்டு வேண்டாம் என்றவரைப் பார்த்ததில்லை. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் முதலில் வந்தது. அதற்கு 'பழைய தகவல்' என்று குறை எழுதுவார்கள். உண்மைதான், ஆனால் புராணப் பெயர், புலவர் பெயர் தேட இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். சோழர் வரலாற்றுக்குச் சதாசிவப் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' தமிழிலேயே எழுதப்பட்டது, நேராகப் படிக்கலாம். வாங்கும் முன் உள்ளே பார்க்க வேண்டுமா? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய ஆராய்ச்சி நூல்கள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. பெரியசாமித் தூரன் முன்னின்று உருவாக்கிய பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும், குழந்தைகளுக்கான பத்துத் தொகுதியும் அங்கே இருக்கின்றன. மூல இலக்கியங்களுக்கு, அவற்றை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998-இலிருந்து இருக்கிறது. பத்துப் பக்கம் நீங்களே படித்துப் பார்ப்பது நூறு கருத்துக்கு மேல்.

குழந்தைகள் புத்தகத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அங்கேதான் வாசகர் கருத்து மிகவும் தடம் புரள்கிறது. கருத்து எழுதுகிறவர் வாசகரே இல்லை. வாங்கியவர் அப்பா, எழுதியவர் அப்பா, படிக்க வேண்டியது ஐந்து வயதுப் பிள்ளை. 'வெறும் பதினாறு பக்கம், இதற்கு இவ்வளவு விலையா?' என்ற கருத்து படப் புத்தகங்களுக்குக் கீழே எத்தனையோ முறை வரும். பதினாறு பக்கத்தை ஒரு பெரியவர் இரண்டு நிமிடத்தில் புரட்டிவிடுவார். எங்கள் நூலகத்தில் ஒரு சிறுமி, இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாதவள், அப்படியொரு புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. என்ன பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, 'பல்லி எல்லா வீட்டுலயும் இருக்கு டீச்சர்' என்றாள். கதையில் பல்லி என்ற பேச்சே கிடையாது. ஓவியர் ஒவ்வொரு பக்கத்துச் சுவரிலும் ஒரு பல்லியை வரைந்து வைத்திருந்தார். அவளுக்கு அந்தப் புத்தகத்தின் கதை பல்லியின் கதை. அந்த அரை மணி நேரத்தைப் பக்க எண்ணிக்கையில் அளக்க முடியாது. இரண்டாவது வாரமும் அவள் அதையேதான் கேட்டாள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. பெற்றோர் தங்கள் சிறுவயதுக்கு ஐந்து நட்சத்திரம் போடுவார்கள். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்தவர்கள், நியூ செஞ்சுரி புத்தக நிலையம் கொண்டுவந்து விற்ற சோவியத் படப் புத்தகங்களின் வழவழப்புத் தாளை இன்னும் மறக்காதவர்கள், அவற்றின் மறுபதிப்பைக் கண்டதும் கண் கலங்கி எழுதுவார்கள். எனக்கும் அந்தப் புத்தகங்கள் மேல் தீராத பிரியம் உண்டு. ஆனால் இன்றைய குழந்தை அதைத் தானாக எடுக்கிறதா என்பது அந்தக் கருத்துகளில் இருக்காது. சில புத்தகங்களை இன்றைய பிள்ளைகளும் அப்படியே வாரிக்கொள்கிறார்கள், சிலவற்றை அட்டையைப் பார்த்து வைத்துவிடுகிறார்கள். முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது, வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

'நல்ல நீதி இருக்கிறது' என்ற பாராட்டையும் ஒதுக்கி வையுங்கள். அது பெரியவர்களின் தேவை. நீதி சொல்லும் கதைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை, குழந்தைகள் அவற்றையும் விரும்புவதுண்டு. ஆனால் நீதிக்காக ஒரு குழந்தை ஒரு புத்தகத்தை இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை. சிரிப்புக்காகக் கேட்கும், பயத்துக்காகக் கேட்கும், ஒரு நாய்க்குட்டிக்காகக் கேட்கும். கருத்துகளில் குழந்தை என்ன செய்தது என்று சொல்லும் வரியைத் தேடுங்கள். 'என் பையன் தினமும் தூங்கும் முன் இதையே கேட்கிறான், எனக்கு மனப்பாடமாகிவிட்டது' என்று ஒரு தாய் சலித்துக்கொண்டு மூன்று நட்சத்திரம் போட்டிருந்தால், அந்தப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 'ஒரு வாரத்தில் அட்டை கிழிந்துவிட்டது' என்பது குறையாக எழுதப்பட்டாலும், ஒரு வாரம் விடாமல் கையில் இருந்தது என்ற செய்தியும் அதில் இருக்கிறது. தடித்த அட்டைப் பதிப்பு கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வயதைப் பற்றிய கருத்துகளை நம்பவே வேண்டாம். 'ஆறு வயதுக்கு ஏற்றது' என்று ஒருவர் எழுதினால், அவர் வீட்டு ஆறு வயதுக்கு ஏற்றது, அவ்வளவுதான். ஆங்கில வழியில் படிக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை தமிழில் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கலாம். அதைவிட நல்ல வழி, வாசிப்பு நிலை போட்டு வரும் புத்தகங்கள். பிரதம் புக்ஸ் புத்தகங்களில் ஒன்று முதல் நான்கு வரை நிலை அச்சிட்டிருக்கும். அவர்களுடைய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம், அச்செடுத்தும் கொள்ளலாம். நம் அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வந்தன. பெயரைக் கேட்டதுமே பிள்ளைகளுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். நிலை போடாத புத்தகமாக இருந்தால் நடுப்பக்கத்தைத் திறந்து ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். 'எடுத்துக்கொண்டிருந்தபோதுதான்' என்பது போல் ஒரே சொல்லாக நீண்டு கிடப்பவை பக்கத்துக்கு நான்கு இருந்தால், தொடக்க நிலைப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இரண்டும் 1957-இல் தொடங்கியவை. விலை குறைவு, படங்கள் நன்றாக இருக்கும், ஆனால் சில மொழிபெயர்ப்புகளில் தமிழ் விறைப்பாக இருக்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அழ.வள்ளியப்பாவின் பாடல்களுக்கு அந்தச் சோதனையே வேண்டாம், பாடினால் பிள்ளைகள் தாமாகச் சேர்ந்துகொள்ளும்.

போலிக் கருத்துகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இருக்கின்றன என்பது உறுதி, எவ்வளவு என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய வாடிக்கையாளர் கருத்துகளுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. எழுதியவர் யார் என்பதைச் சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து எழுதச் சொன்னதை வெளியிடக் கூடாது என்பதெல்லாம் அதில் வருகிறது. ஆனால் விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அதைக் கொண்டுவந்தார்கள். 'வெரிஃபைடு பர்ச்சேஸ்' என்ற முத்திரை அந்தக் கடையில் வாங்கியதை மட்டும் உறுதி செய்கிறது, படித்ததை இல்லை. நூல் வெளியான முதல் வாரத்தில் ஒரே நடையில் வந்து விழும் பாராட்டுகளைத் தள்ளிவிட்டு, ஆறு மாதம் கழித்து வந்தவற்றைப் படியுங்கள். பெரும்பாலும் அது போதும். தமிழ்ப் புத்தகச் சந்தை சிறியது. காசு கொடுத்து எழுதவைப்பதைவிட நட்புக்காக எழுதுவதுதான் இங்கே அதிகம் என்பது என் எண்ணம். இது எண்ணம்தான், நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இனி உங்கள் நாற்பதாயிரத்துக்கு வருகிறேன். மொத்தத்தையும் ஒரே தடவையில் செலவழிக்காதீர்கள். பாதியை இப்போது எடுத்து, அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் புத்தகம் வாங்குங்கள். மீதியில் நான்கைந்து பக்தி நூல்கள், பெரிய எழுத்தில், ஊரில் மூன்று மதத்தாரையும் கேட்டு. ஓர் அகராதி, ஒரு வரலாற்று நூல். முடிந்தவரை இணையத்தில் வாங்காமல் உங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குப் போய், திறந்து பார்த்து வாங்குங்கள். வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவும் கிடைக்கும். போகும்போது ஒரு பாட்டியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், தேர்வுக் குழு அவர்கள்தான்.

புத்தகம் வந்ததும் ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, இரவல் கொடுக்கும்போதெல்லாம் தேதி போடுங்கள். நூலகங்களில் நாங்கள் செய்வது அதுதான். திருப்பித் தரும்போது 'எப்படி இருந்தது?' என்று ஒரு கேள்வி கேட்டு, அவர்கள் சொன்னதை ஒரு நோட்டில் அவர்கள் வார்த்தையிலேயே, பெயரும் வயதும் போட்டு எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் எந்தத் தாள் தேதியால் நிரம்பியிருக்கிறது, எது வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். நிரம்பியவற்றைப் போன்றவற்றை மீதிப் பணத்தில் வாங்குங்கள். வெறுமையாக இருப்பதை உடனே கழித்துவிடாதீர்கள். நோட்டைப் புரட்டி, அதைக் கேட்கக்கூடியவர் ஊரில் யார் என்று பார்த்து, ஒருமுறை நீங்களே எடுத்துப் போய்க் கொடுத்துப் பாருங்கள்.